பனிக்குகையில் தொடங்கிய சங்கம்: லெவிக்கும் பள்ளி மாணவர் ஆய்வுப் பயணங்களும்

பிரிட்டிஷ் எக்ஸ்ப்ளோரிங் சொசைட்டி என்பது இளைஞர்களை மக்கள் நடமாட்டமற்ற நிலங்களுக்கு ஆய்வுப் பயணமாக அழைத்துச் செல்லும் ஓர் அமைப்பு. 1932இல் 'பப்ளிக் ஸ்கூல்ஸ் எக்ஸ்ப்ளோரிங் சொசைட்டி' என்ற பெயரில் தொடங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு 'பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் எக்ஸ்ப்ளோரிங் சொசைட்டி' என்று மாறியது. இன்றைய பெயர் அதற்கும் பின்னால் வந்தது. கோடை விடுமுறையில் சில வாரங்கள் கூடாரத்தில் தங்குவது, மூட்டை சுமந்து நடப்பது, நிலத்தை அளந்து வரைபடம் ஆக்குவது, செடிகளையும் பறவைகளையும் பனியாறுகளையும் பதிவு செய்வது ஆகியவை இதன் பணிகள்.

மலையேற்றக் கழகங்களும் சாரணர் முகாம்களும் உலகெங்கும் உள்ளன. அவற்றிலிருந்து இந்தச் சங்கத்தைத் தனித்துக் காட்டுவது அதைத் தொடங்கியவரின் அனுபவம். விரும்பாமல் சிக்கிக்கொண்ட ஒரு பனிக்குகையில் ஏறத்தாழ ஏழு மாதம் உயிர் பிழைத்திருந்த ஒரு கடற்படை மருத்துவர் இதைத் தொடங்கினார். அந்தக் குகையில் அவர் கற்றது வீரத்தைவிடக் குடித்தனம் நடத்துவது பற்றியதாகவே இருந்தது. சங்கத்தின் சிறப்பையும் 2011இல் அதற்கு நேர்ந்த பெருந்துயரத்தையும் புரிந்துகொள்ள அந்தக் குகையிலிருந்து தொடங்குவதே வசதி.

வடக்குக் குழு

ஜார்ஜ் மர்ரே லெவிக் 1876இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். மருத்துவம் படித்துக் கடற்படையில் சேர்ந்தார். 1910இல் ராபர்ட் ஃபால்கன் ஸ்காட் 'டெரா நோவா' கப்பலில் அண்டார்டிக்காவுக்குப் புறப்பட்டபோது, மருத்துவராகவும் விலங்கியலாளராகவும் உடன் சென்றார். ஸ்காட் தென் துருவத்தை நோக்கிச் செல்ல, ஆறு பேர் கொண்ட தனிக் குழு ஒன்று கடற்கரையின் வடபகுதியை ஆராய அனுப்பப்பட்டது. விக்டர் கேம்பல் அதன் தலைவர். லெவிக், நிலவியலாளர் ரேமண்ட் பிரீஸ்ட்லி, கடற்படையினரான அபாட், பிரவுனிங், டிக்காசன் ஆகியோர் மற்ற ஐவர். இக்குழு 'வடக்குக் குழு' என்று அழைக்கப்படுகிறது. ஸ்காட்டின் மரணம் உலகப் புகழ் பெற்றதால் இவர்களுடைய கதை அதன் நிழலில் மறைந்துபோனது.

1911ஆம் ஆண்டின் பெரும்பகுதியை அவர்கள் கேப் அடேரில் கழித்தனர். 1912 ஜனவரி தொடக்கத்தில் கப்பல் அவர்களைத் தெற்கே டெரா நோவா விரிகுடாப் பகுதியில் இறக்கிவிட்டது. சுமார் ஆறு வாரத்துக்கான பயண உணவும் கொஞ்சம் உபரியும் கையில் இருந்தன. பிப்ரவரியில் கப்பல் திரும்பி வரும் என்பது ஏற்பாடு. கடலில் மிதக்கும் பனிக்கட்டித் திரள் வழியை அடைத்ததால் கப்பலால் கரையை நெருங்க முடியவில்லை. கரையில் காத்திருந்தவர்களுக்கு இது தெரியாது. கோடைக்கான உடை, கோடைக்கான கூடாரம், தீர்ந்துவரும் உணவு இவற்றோடு அண்டார்டிக்கக் குளிர்காலம் அவர்களை எதிர்கொண்டது.

மார்ச் மாதம் அவர்கள் ஒரு பனிமேட்டைக் குடைந்து குகை அமைத்தனர். ஏறத்தாழ பன்னிரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம், ஐந்தரை அடி உயரம். ஆறு பேரில் எவரும் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தே இருந்ததால் வந்த முதுகுவலிக்கு அவர்களே ஒரு செல்லப் பெயர் வைத்துக்கொண்டனர். அந்தத் தீவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'இன்எக்ஸ்பிரசிபிள்', அதாவது சொல்லில் அடங்காதது. காற்று ஓயாமல் வீசும் அந்த இடத்துக்கு அது பொருத்தமான பெயர்.

உணவு சீலும் பெங்குவினும்தான். அடுப்பு எரிந்ததும் விளக்கு எரிந்ததும் சீலின் கொழுப்பில். அதன் கரிப்புகை முகம், உடை, படுக்கை எல்லாவற்றிலும் படிந்தது. ஒருமுறை கொன்ற சீலின் வயிற்றில் செரிக்காத மீன்கள் 36 கிடைத்தன. அவற்றை வறுத்து உண்ட நாள் விருந்து நாளாயிற்று. வயிற்றுப்போக்கு எல்லோரையும் வாட்டியது. பிரவுனிங்கின் நிலை மிக மோசமானது. மருத்துவரான லெவிக்கிடம் அதற்குப் பெரிய மருந்து எதுவும் இல்லை.

இந்த நிலையில் அவர்களைக் காப்பாற்றியது கறாரான வீட்டுக் கணக்கு. மீதமிருந்த பிஸ்கட், சர்க்கரை, சாக்லேட், உலர் திராட்சை எல்லாம் பிரீஸ்ட்லியின் பொறுப்பில். எந்தக் கிழமைக்குச் சர்க்கரைக் கட்டி, எந்தக் கிழமைக்குச் சாக்லேட், யார் பிறந்தநாளுக்கு எத்தனை திராட்சை என்று எல்லாம் முன்கூட்டியே எண்ணி வைக்கப்பட்டன. வசந்தம் வந்ததும் நடக்க வேண்டிய பயணத்துக்கான உணவு தனியே ஒதுக்கப்பட்டது. பசி எவ்வளவு இருந்தாலும் அதைத் தொடுவதில்லை. சமையல் முறை வைத்து நடந்தது. இரவில் லெவிக் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் படுத்தபடி கேட்பார்கள். சார்லஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவல் நாளுக்கு ஓர் அத்தியாயமாக இரண்டு மாதம் ஓடியது.

கேம்பல் குகையின் தரையில் ஒரு கோடு கிழித்தார். ஒரு பக்கம் அதிகாரிகள் மூவர், மறுபக்கம் மாலுமிகள் மூவர். ஒரு பக்கத்தில் பேசுவது மறுபக்கத்துக்குக் கேட்காது என்பது விதி. ஒன்பது அடி அகலத்தில் கேட்காமல் எப்படி இருக்கும்? பிரிட்டிஷ் வர்க்க உணர்வு பனிக்குகைக்குள்ளும் விடவில்லை என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. கேலியில் நியாயமும் உண்டு. ஆனால் மாலுமிகள் அதிகாரிகளைத் திட்டித் தீர்க்கவும், அதிகாரிகள் அதைக் காதில் வாங்காமல் இருக்கவும் அந்தக் கோடு இடமளித்தது. ஆறு பேரும் ஒருவரையொருவர் வெறுக்காமல் வெளியே வந்ததில் அதற்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

1912 செப்டம்பர் 30 அன்று அவர்கள் குகையை விட்டுக் கிளம்பினர். பிரவுனிங்கால் சரியாக நடக்கவே முடியவில்லை. வழியில் கேப் ராபர்ட்ஸ் என்ற இடத்தில் வேறொரு குழு முன்பு விட்டுச்சென்ற உணவுக் கிடங்கு கண்ணில் பட்டது. அதிலிருந்த பிஸ்கட் அவர்களைத் தேற்றியது. நவம்பர் 7 அன்று கேப் எவான்ஸ் குடிசையை அடைந்தபோது அங்கே இருவர் மட்டுமே இருந்தனர். துருவம் சென்ற ஸ்காட் குழு திரும்பவில்லை என்ற செய்தி அவர்களிடமிருந்துதான் தெரிந்தது. மற்றவர்கள் தேடிப் போயிருந்தனர். ஐந்து நாள் கழித்து ஸ்காட்டின் உடல் இருந்த கூடாரம் கண்டுபிடிக்கப்பட்டது.

மருத்துவரின் இடைக்காலம்

குகைக்கு முந்தைய கேப் அடேர் நாட்களில் லெவிக் அடேலி பெங்குவின்களை ஒரு முழு இனப்பெருக்கக் காலம் கவனித்துக் குறிப்பெடுத்தார். அதன் அடிப்படையில் எழுதிய 'அண்டார்க்டிக் பெங்குவின்ஸ்' என்ற நூல் 1914இல் வெளிவந்தது. பெங்குவின்களின் பாலியல் நடத்தை பற்றிய பகுதி மட்டும் அக்காலத்தில் அச்சேறத் தகுந்ததாகக் கருதப்படவில்லை. அதை வெளியீட்டுக்கு அல்ல என்ற குறிப்புடன் 100 பிரதிகள் அச்சிட்டு அறிஞர்களிடையே மட்டும் சுற்றுக்கு விட்டனர். தன் குறிப்பேட்டிலேயே அத்தகைய சில பகுதிகளை லெவிக் கிரேக்க எழுத்தில் மறைத்து எழுதியிருந்தார். அந்தக் கட்டுரை 2012இல்தான் 'போலார் ரெக்கார்டு' ஆய்விதழ் வழியாகப் பொதுவெளிக்கு வந்தது. கண்டதைக் கண்டபடி குறித்துவைக்கும் பழக்கம் அவரிடம் இருந்ததற்கு இது சான்று. பின்னாளில் மாணவர் பயணங்களில் குறிப்பேட்டுக்கு அவர் தந்த இடமும் இதிலிருந்து வந்ததே.

முதல் உலகப்போரில் கலிப்போலிப் போர்முனையில் பணியாற்றினார். பிறகு கடற்படையிலிருந்து விலகி உடலியக்க மருத்துவத்தில் ஈடுபட்டார். பார்வையற்றவர்களுக்கு அந்தத் தொழிலில் பயிற்சி அளிக்க முடியும் என்று பலருடைய எதிர்ப்புக்கிடையே செய்து காட்டினார். உடலால் எது முடியும், எது முடியாது என்ற கேள்வி அவரை விடவில்லை.

1932

லெவிக் சங்கத்தைத் தொடங்கியபோது இளைஞர்களை வெளிநிலத்துக்கு அழைத்துச் செல்வது புதிய எண்ணம் அல்ல. 1901இல் பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸில் 'வான்டர்ஃபோகல்' என்ற மாணவர் இயக்கம் முறையாக அமைக்கப்பட்டது. கிட்டாருடன் காடு மேடு சுற்றிய அந்த மாணவர்கள் பெரியவர்களின் நகர வாழ்க்கைக்கு முதுகைக் காட்டினர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் இத்தகைய அமைப்புகள் கலைக்கப்பட்டு இளைஞர்கள் ஹிட்லர் இளைஞர் படைக்குள் இழுக்கப்பட்டனர். பிரிட்டனில் பேடன் பவல் 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களுடன் நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் வளர்ந்தது.

லெவிக்கின் திட்டம் இவ்விரண்டிலிருந்தும் வேறானது. பாட்டும் கொடியும் அவருக்கு முக்கியமல்ல. மாணவர்கள் வரைபடத்தில் விவரம் குறைந்த ஓர் இடத்துக்குப் போக வேண்டும், அங்கே உண்மையான வேலை ஏதேனும் செய்ய வேண்டும், தங்கள் உணவையும் கூடாரத்தையும் தாங்களே சுமக்க வேண்டும். 1932 கோடையில் ஒரு சிறு மாணவர் குழுவை அவர் ஃபின்லாந்துக்கு அழைத்துச் சென்றார். அந்தப் பயணத்திலிருந்து சங்கம் உருவானது. அதன் தலைவராக இறுதிவரை அவரே இருந்தார்.

'பப்ளிக் ஸ்கூல்' என்ற சொல் தமிழ் வாசகரைக் குழப்பக்கூடும். இங்கிலாந்தில் அது பொதுப்பள்ளி அல்ல. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டித் தங்கிப் படிக்கும் பழைய தனியார் பள்ளிகளுக்கே அந்தப் பெயர். ஆக, சங்கம் தொடக்கத்தில் மேல்தட்டுச் சிறுவர்களுக்கானது. பேரரசின் அதிகாரிகளையும் படைத்தளபதிகளையும் உருவாக்கிய அதே பள்ளிகளின் மாணவர்கள்தான் இதிலும் சேர்ந்தனர். குகையின் தரையில் இருந்த கோடு சங்கத்தின் வாசலிலும் இருந்தது என்று சொன்னால் தவறில்லை.

1930களில் பயணங்கள் வட ஃபின்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் சென்றன. நியூஃபவுண்ட்லாந்து அப்போது கனடாவின் பகுதி அல்ல. 1949இல்தான் இணைந்தது. அதன் கடற்கரை முழுவதும் மீனவ ஊர்கள். உட்பகுதியோ ஏரியும் சதுப்பும் குட்டை மரக்காடுமாக, சரியான வரைபடம் இல்லாமல் கிடந்தது. பள்ளி மாணவர்கள் திசைகாட்டியோடும் அளவைப் பலகையோடும் அங்கே இறங்கினர். இவ்விரு நாடுகளிலும் கோடைக்காலம் என்றால் கொசுவும் கடிக்கும் ஈயும்தான். சதுப்பில் முழங்கால்வரை புதைந்து, முதுகில் மூட்டையோடு, முகத்தை வலையால் மூடிக்கொண்டு நாளெல்லாம் நடப்பது சாகசம் என்ற சொல் எழுப்பும் படத்தோடு ஒத்துப்போவதில்லை. அலுப்பும் நச்சரிப்பும் நிறைந்த வேலை அது. லெவிக்குக்கு அதுவே வேண்டியிருந்தது எனலாம்.

முகாமில் மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இந்தச் சங்கத்தின் வழக்கில் 'நெருப்பு' என்று பெயர். ஒரே அடுப்பைச் சுற்றி உண்பவர்கள் என்று பொருள் கொள்ளலாம். பயணத்தின் அலகாகக் குடும்ப அடுப்பைப் போன்ற ஒன்று அமைந்தது கவனிக்கத்தக்கது. யார் விறகு, யார் தண்ணீர், யார் சமையல், யார் பாத்திரம் என்ற பங்கீடு தினமும் நடக்கும். பதினேழு வயதில் வீட்டில் ஒரு தட்டைக்கூடக் கழுவியிராத பிள்ளைகளுக்கு மலை ஏறுவதைவிட இது கடினமாக இருந்திருக்கும்.

ஜிப்ரால்டர் பாறைக்குள் ஒரு குகை

இரண்டாம் உலகப்போர் பயணங்களை நிறுத்தியது. அறுபதைக் கடந்திருந்த லெவிக் மீண்டும் கடற்படைக்கு அழைக்கப்பட்டார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் லோகெய்லார்ட் என்ற இடத்தில் கமாண்டோ வீரர்களுக்கு உடல்வலுவும் உணவுமுறையும் உயிர் பிழைக்கும் வழிகளும் கற்பித்தார்.

அதே காலத்தில் இன்னொரு ரகசியப் பணியிலும் அவரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. மத்தியதரைக் கடலின் வாயிலான ஜிப்ரால்டர் ஜெர்மனியிடம் வீழ்ந்துவிடக்கூடும் என்று பிரிட்டன் அஞ்சியது. அப்படி நேர்ந்தால் பாறைக்குள் அமைத்த ஓர் அறையில் ஆறு பேரை வைத்து வாயிலைச் சுவரால் மூடிவிடுவது, அவர்கள் சிறு துளைகள் வழியே கப்பல் போக்குவரத்தைப் பார்த்து வானொலியில் செய்தி அனுப்புவது என்று திட்டம் தீட்டப்பட்டது. 'ஆபரேஷன் டிரேசர்' என்பது அதன் பெயர். ஓராண்டு வெளியே வராமல் ஆறு பேர் எப்படி வாழ்வது? இந்தக் கேள்விக்கு அனுபவத்திலிருந்து பதில் சொல்லக்கூடியவர்கள் உலகில் மிகச் சிலரே. லெவிக் அவர்களில் ஒருவர்.

அறையில் 10,000 காலன் நீர்த்தொட்டி கட்டப்பட்டது. காலடி ஓசை கேட்காதிருக்கத் தரையில் தக்கை பதிக்கப்பட்டது. மின்சாரத்துக்காக மிதிக்கும் சைக்கிளில் இரும்புச் சங்கிலிக்குப் பதிலாகத் தோல் சங்கிலி. குழுவில் மருத்துவர்கள் இருவர். யாராவது இறந்தால் உள்ளேயே உடலைப் பதப்படுத்தி அடக்கம் செய்யவும் ஏற்பாடு இருந்தது. ஜிப்ரால்டர் வீழவில்லை. அறை பயன்படாமலே மூடப்பட்டது. வதந்தியாக மட்டும் பேசப்பட்டு வந்த அந்த இடத்தை 1997இல் உள்ளூர்க் குகை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர்.

சங்கத்தின் வரலாற்றில் இது கிளைக்கதைதான். ஆயினும் லெவிக்கின் மனம் எப்படி வேலை செய்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை. ஆபத்தைப் பற்றிக் கேட்டால் அவர் துணிச்சலைப் பற்றிப் பேசவில்லை. உணவு, தண்ணீர், தூக்கம், சலிப்பு, சத்தம், சடலம் என்று வரிசையாக எண்ணத் தொடங்கினார்.

போருக்குப் பின்

போர்க்காலத்தில் இதே துறையில் இன்னொரு நிறுவனமும் தோன்றியது. ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த கல்வியாளர் குர்ட் ஹான், கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டுடன் இணைந்து 1941இல் வேல்ஸின் அபர்டவியில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார். மூழ்கிய கப்பல்களின் உயிர்காக்கும் படகுகளில் இளம் மாலுமிகள் மூத்தவர்களைவிட விரைவில் இறந்துபோகிறார்கள் என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. ஹானின் சிந்தனை பரவலாக வென்றது. 1956இல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்திலும் அவருடைய பங்கு உண்டு. சாகசம் குணத்தை வளர்க்கும் என்பது பிரிட்டிஷ் கல்வியில் கிட்டத்தட்ட பாடத்திட்டமாகவே ஆனது.

அதே 1956இல் லெவிக் மறைந்தார். சங்கம் தன் வட்டத்தை விரித்துக்கொண்டது. பெயரிலிருந்து 'பப்ளிக்' என்ற சொல் போய்விட்டது. எல்லா வகைப் பள்ளி மாணவர்களுக்கும், பிற்காலத்தில் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. ஐஸ்லாந்து, வட நார்வே, கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட், பிறகு இமயமலை, அமேசான் என்று பயணங்கள் நீண்டன. பயணச் செலவைப் பங்கேற்பவரே திரட்ட வேண்டும் என்ற வழக்கமும் தொடர்ந்தது. அந்தப் பணத்தைத் திரட்டக்கூடிய வீடுகள் எவை என்ற கேள்வி இருந்துகொண்டே இருந்ததால், வசதியற்ற இளைஞர்களுக்கு உதவித்தொகையும் தனித் திட்டங்களும் பின்னர் வந்தன.

இதற்கிடையே நாட்டுக்குள் நடந்த விபத்துகள் சட்டத்தை அசைத்தன. 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைச்சமவெளியில் எடின்பரோ பள்ளி மாணவர்கள் பனிப்புயலில் சிக்கினர். மாணவர்கள் ஐவரும் பயிற்சித் தலைவர் ஒருவரும் இறந்தனர். மலைக்கு மாணவர்களை அழைத்துச் செல்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற விவாதம் அதிலிருந்து சூடுபிடித்தது. 1993 மார்ச் 22 அன்று லைம் விரிகுடாவில் கயாக் படகுகளில் சென்ற மாணவர்களில் நால்வர் குளிர்ந்த கடலில் இறந்தனர். அந்த நிகழ்ச்சியை நடத்திய மையத்தின் நிறுவனமும் அதன் நிர்வாகியும் மரணத்துக்குப் பொறுப்பென நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர். 1995இல் நாடாளுமன்றம் சாகசச் செயல்பாட்டு மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டத்தை இயற்றியது.

அந்த உரிமம் பிரிட்டனுக்குள் நடக்கும் செயல்பாடுகளுக்கு மட்டுமே பொருந்தும். வெளிநாட்டுப் பயணங்களுக்கென 2007இல் தனியே ஒரு தரநிலை வெளியிடப்பட்டது. அதன் எண் பி.எஸ். 8848. எவரெஸ்ட்டின் உயரத்தை மீட்டரில் குறிக்கும் எண்ணையே தரநிலை வகுப்பவர்கள் தேர்ந்துகொண்டது அலுவலகக் கோப்புகளில் அபூர்வமாகத் தென்படும் ஒரு புன்னகை.

ஸ்வால்பார்ட், 2011

ஸ்வால்பார்ட் என்பது நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள தீவுக்கூட்டம். அங்கே குடியிருப்புகளை விட்டு வெளியே செல்பவர்கள் பனிக்கரடியை விரட்டும் கருவிகளை உடன் கொண்டுசெல்ல வேண்டும் என்பது விதி. துப்பாக்கியும் எடுத்துச் செல்வது வழக்கம். கூடாரங்களைச் சுற்றி ஒரு கம்பி கட்டப்படும். அதில் எது இடறினாலும் சிறு வெடி வெடித்து உறங்குபவர்களை எழுப்பும்.

2011 கோடையில் சங்கம் அங்கே ஐந்து வாரப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தது. அதில் ஒரு 'நெருப்பு', தலைவர்கள் இருவர் உட்பட 13 பேர், தலைநகர் லாங்யர்பியனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் வான் போஸ்ட் பனியாற்றருகே கூடாரம் அடித்திருந்தது. ஆகஸ்ட் 5 அன்று காலை பனிக்கரடி ஒன்று முகாமுக்குள் நுழைந்தது. எச்சரிக்கைக் கம்பி வெடிக்கவில்லை. தலைவர்களில் ஒருவர் துப்பாக்கியை எடுத்தார். மீண்டும் மீண்டும் முயன்றும் அது சுடவில்லை. தோட்டாக்கள் வெடிக்காமலே வெளியே விழுந்தன. படுகாயமுற்ற நிலையில் அவர் தரையில் கிடந்த ஒரு தோட்டாவை எடுத்துப் போட்டுக் கரடியைச் சுட்டுக் கொன்றார். அதற்குள் 17 வயது மாணவர் ஒருவர் இறந்துவிட்டார். தலைவர்கள் இருவரும் மாணவர்கள் இருவரும் கடும் காயமடைந்தனர். கொல்லப்பட்ட கரடி வயதானது, உடல் மெலிந்தது, பற்கள் கெட்டுப்போனது.

சங்கம் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் விசாரணையை ஒப்படைத்தது. 2014இல் இங்கிலாந்தில் மரண விசாரணையும் நடந்தது. இவற்றில் வெளிவந்த விவரங்கள் கசப்பானவை. எச்சரிக்கைக் கம்பிக் கருவியில் சில உறுப்புகள் இல்லாமல், கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். இரவுக் காவல் போடப்படவில்லை. துப்பாக்கி இரண்டாம் உலகப்போர்க் காலத்து மாதிரி. அதன் பாதுகாப்பு விசை எந்த நிலையில் இருந்தால் சுடும், எந்த நிலையில் தோட்டாவை வெளியே தள்ளிவிடும் என்பது கரடி பாய்ந்த அந்தக் கணத்தில் வாழ்வா சாவா என்ற கேள்வியாகிவிட்டது.

கரடி வராத ஒரு நூறு இரவுகளில் இந்தக் குறைகளில் ஒன்றுகூடக் கண்ணில் பட்டிருக்காது. இவற்றில் எதுவும் துணிச்சல் சம்பந்தப்பட்டதும் அல்ல. படுகாயத்தோடு அந்தத் தலைவர் செய்தது எவரும் வியக்கும் செயல். ஒரு கம்பி, ஒரு காவல் முறை, ஒரு விசை: எல்லாமே குடித்தனக் கணக்கைச் சேர்ந்தவை. பிரீஸ்ட்லி உலர் திராட்சையை எண்ணி வைத்த அதே கணக்கு.

இத்தகைய பயணங்களையே நிறுத்திவிட வேண்டும் என்ற குரல் அப்போது எழுந்தது. பிள்ளையை இழந்த வீட்டின் முன் நின்று அதற்கு மறுமொழி சொல்வது எளிதல்ல. மறுபுறம், ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் இந்தப் பயணங்களுக்குச் சென்று திரும்பிய பலரும் வாழ்வின் திருப்பமாக அந்தச் சில வாரங்களைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆபத்து இல்லாத இடத்துக்கு அழைத்துச் சென்றால் அது சுற்றுலா ஆகிவிடும். கணக்கில் வராத ஆபத்துள்ள இடத்துக்கு அழைத்துச் செல்லும் உரிமை எந்தச் சங்கத்துக்கும் கிடையாது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வழி அகலமானதல்ல. சங்கம் தொடர்ந்து இயங்குகிறது. பெயரில் இருந்த 'ஸ்கூல்ஸ்' என்ற சொல்லையும் பின்னர் நீக்கிக்கொண்டது.

எஞ்சியவை

லெவிக் வாசகர்களை விட்டு முற்றாக மறைந்துவிடவில்லை. கேப் எவான்ஸில் ஸ்காட்டின் குடிசையைப் பராமரித்து வரும் குழுவினர், உருகிய பனிக்கிடையே வெளிப்பட்ட அவருடைய குறிப்பேடு ஒன்றை 2013இல் கண்டெடுத்தனர். 1911இல் எடுத்த புகைப்படங்களின் தேதி, பொருள், ஒளி அளவு ஆகியவற்றை அதில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். நூறாண்டு பனியில் கிடந்தும் எழுத்துகள் படிக்கும்படி இருந்தன.

இன்எக்ஸ்பிரசிபிள் தீவின் குகை உருகிப் போய்விட்டது. அந்த இடம் அண்டார்டிக்க ஒப்பந்தத்தின் கீழ் 14ஆம் எண்ணுள்ள வரலாற்றுச் சின்னமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அங்கே ஒரு மரப்பலகையும் ஒரு கல்வெட்டுத் தகடும், அந்த ஆறு பேர் தின்று போட்ட சீல் எலும்புகளும் இருக்கின்றன.